விற்ற விலை வேறு, வீட்டுக்கு வந்த காசு வேறு!

வீட்டில் இருந்தபடியே நாலு காசு சம்பாதிக்க வேண்டும் என்று நினைக்காத பெண் உண்டா? அந்த நாளில் அப்பளம் இட்டோம், வடாம் பிழிந்தோம், ஒயர் கூடை பின்னினோம், அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் பாவாடை சட்டை தைத்துக் கொடுத்தோம். வாங்குகிறவர் திண்ணையில் உட்கார்ந்து பேரம் பேசி, காசை எண்ணிக் கையில் வைத்துவிட்டுப் போவார். கணக்கு அத்தோடு முடிந்தது.

இன்றைக்குக் கையிலிருக்கும் போனே கடைத்தெருவாகிவிட்டது. ஈரோட்டில் தைத்த சட்டையை நாகர்கோவிலில் இருக்கும் ஒரு தாய் வாங்கித் தன் குழந்தைக்குப் போடுகிறாள். எவ்வளவு பெரிய வசதி! ஆனால் இந்தக் கடைத்தெருவில் நம் கைக்கும் வாங்குகிறவர் கைக்கும் நடுவே பல கைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கையும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. அது தவறென்று நான் சொல்ல வரவில்லை. கடை வாடகையும் கூலியும் எந்த வியாபாரத்திலும் உண்டு. எந்தக் கை எவ்வளவு எடுக்கிறது என்று தெரியாமல் விற்பதுதான் தப்பு. தராசு முள்ளைப் பார்க்காமல் கத்தரிக்காய்கூட வாங்காத நாம், இதில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளலாமா?

எங்கள் தெருவில் ஏழு பெண்கள் தையல், கூடை, மண் நகை என்று ஆளுக்கொன்றாய்ச் செய்து ஆன்லைனில் விற்கிறார்கள். எனக்குத் தையல் அவ்வளவாக வராது. ஆனால் கணக்கு வரும். அதனால் அவர்களுடைய வரவு செலவு நோட்டு என் பொறுப்பில் இருக்கிறது. அந்த நோட்டிலிருந்து நான் தெரிந்துகொண்டதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நாற்பது சட்டையின் கணக்கு

என் ஓரகத்தி நன்றாகத் தைப்பாள். அவள் கணவர் விசைத்தறிப் பட்டறையில் வேலை செய்கிறார். சென்ற ஆண்டு வாரத்தில் பாதி நாள் தறி ஓடவில்லை. மூத்த பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்போது 8,500 ரூபாய் கட்ட வேண்டும். "பருத்திச் சட்டை நாற்பது தச்சு ஆன்லைன்ல போட்டுட்டா அந்தப் பணம் வந்துடும்க்கா" என்றாள்.

அவள் போட்ட கணக்கு இதுதான். ஒரு சட்டை 450 ரூபாய். நாற்பதுக்கு 18,000. "கம்பெனிக்காரங்க 12 சதவீதம் கமிஷன் எடுத்துக்குவாங்களாம்." அதில் 2,160 போனால் மிச்சம் 15,840. துணி, நூல், பட்டன், எலாஸ்டிக், கவர் எல்லாம் சேர்த்து ஒரு சட்டைக்கு 180 வீதம் 7,200. அதையும் கழித்தால் 8,640. பள்ளிக்கூடத்துக்குக் கட்டியது போக 140 ரூபாய் மிச்சம்கூட இருக்கும்!

இரண்டு மாதம் ராத்திரி பதினோரு மணி வரை மிஷினில் உட்கார்ந்தாள். நாற்பதும் விற்றது. ஆனால் கடைசியில் வங்கிக்கு வந்து சேர்ந்த தொகை 7,457 ரூபாயும் சில்லறையும். துணிச் செலவு போக 257 ரூபாய்! திரும்பி வந்த ஆறு சட்டைகள் வேறு வீட்டில் கிடந்தன.

"ஏமாத்திட்டாங்களாக்கா?" என்று கண் கலங்கக் கேட்டாள். நான் அந்தத் தளத்தின் செட்டில்மெண்ட் அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். பணம் போன வழி ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

குளோஸிங் கட்டணம்: ஆர்டர் ஒன்றுக்கு 25 ரூபாய். கமிஷனுக்கு மேல் இது தனி. நின்ற 34 சட்டைக்கு 850.

அனுப்புகிற கூலி: பார்சல் ஒன்றுக்கு 65 ரூபாய். மொத்தம் 2,210. வாங்கியவருக்கு "டெலிவரி இலவசம்" என்று போட்டிருந்தது. இலவசம் அவருக்குத்தான், நமக்கு அல்ல!

இந்தக் கட்டணங்கள் மேல் ஜி.எஸ்.டி.: கமிஷன், குளோஸிங், அனுப்புகிற கூலி மூன்றுக்கும் மேல் 18 சதவீதம். சட்டைக்கு 25 ரூபாய் 92 காசு. மொத்தம் 881.28.

திரும்பி வந்த ஆறு: அவற்றின் விற்பனையே இல்லையென்றாகிவிட்டது. அதில் 2,376 போயிற்று. திருப்பிக் கொண்டுவந்த கூலி ஒவ்வொன்றுக்கும் 80, வரியோடு 94.40. அது 566.40.

அதிக எடை: ஒன்பது பார்சலுக்கு எடை கூடுதல் என்று வரியோடு 35.40 வீதம் 318.60.

விளம்பரம்: நாளுக்கு 50 ரூபாய் வீதம் 20 நாள், வரியோடு 1,180. "நான் விளம்பரமே கேக்கலையேக்கா!" என்றாள். சட்டைப் படங்களைப் போடும்போது ஒரு பக்கத்தில் முன்கூட்டியே டிக் போட்ட ஒரு கட்டம் இருந்திருக்கிறது. அதை எடுக்காமல் "சரி"யை அழுத்தினால் விளம்பரம் ஓடத் தொடங்கிவிடும்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். 8,382 ரூபாய் 28 காசு. அவள் எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசம் காசு பிசகாமல் அதேதான்.

அதாவது எடைக் கணக்கைத் தவிர மற்றதெல்லாம் அவள் சேரும்போது சம்மதம் கொடுத்த ஒப்பந்தத்தில் எழுதியிருந்தவைதான். எடைக்கு மட்டும் நாங்கள் எதிர்க் கணக்குக் கொடுத்தோம். திரும்பி வந்தவற்றில் பிரிக்காத பார்சல் இரண்டு இருந்தன. ஒன்றைத் தராசில் வைத்துப் படம் எடுத்தோம். நீள அகல உயரத்தை இஞ்சி டேப்பால் அளந்து அதையும் படம் எடுத்தோம். இரண்டையும் முறையீட்டோடு அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து அந்த 318 ரூபாய் திரும்ப வந்தது. விளம்பரக் காசு வரவே இல்லை. பள்ளிக்கூடப் பணத்துக்கு அவள் போட்டிருந்த மாதச் சீட்டைத் தள்ளி எடுக்க வேண்டியதாயிற்று.

வாங்குகிறவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. 2020இல் வந்த மின் வணிக விதிகளின்படி, பொருள் வாங்குகிறவரின் சம்மதத்தை முன்கூட்டியே டிக் போட்ட கட்டத்தின் மூலம் பெறக்கூடாது. ஆனால் அந்த விதி நுகர்வோருக்கு. நாம் அங்கே விற்பவர், அதாவது வியாபாரி. நமக்குக் காவல் நாம் படித்துப் பார்க்கும் ஒப்பந்தம்தான்.

கட்டணம் எத்தனை வகை?

தளத்துக்குத் தளம் பெயர் மாறும். ஆனால் வகைகள் ஏறக்குறைய இவைதான்.

முதலாவது கமிஷன். விலையில் இத்தனை சதவீதம் என்பது. துணிக்கு ஒன்று, பொம்மைக்கு ஒன்று, சமையல் பாத்திரத்துக்கு ஒன்று என்று மாறும். பொருளை எந்த வகையில் சேர்க்கிறீர்கள் என்பதே கமிஷனைத் தீர்மானிக்கும். குழந்தைத் தலையணை "படுக்கை விரிப்பு" வகையா, "குழந்தைப் பொருள்" வகையா என்று பார்த்துச் சரியான இடத்தில் சேருங்கள்.

இரண்டாவது குளோஸிங் கட்டணம். இது பெரும்பாலும் விலைப் படியைப் பொறுத்தது. 300 வரை ஒன்று, 500 வரை ஒன்று, 1,000 வரை ஒன்று என்று ஏறும். 499க்கும் 505க்கும் வாங்குகிறவருக்கு ஆறு ரூபாய்தான் வித்தியாசம். நமக்கோ படி மாறிவிடும்! விலை வைக்கும் முன் படியைப் பாருங்கள்.

மூன்றாவது அனுப்புகிற கூலி. உள்ளூர், மாநிலத்துக்குள், நாடு முழுவதும் என்று தூரத்துக்கும் எடைக்கும் தக்கபடி கூடும்.

நான்காவது கிடங்கு வாடகை. நம் சரக்கை அவர்கள் கிடங்கிலேயே வைத்து அவர்களே கட்டி அனுப்பும் முறை இருக்கிறது. வசதிதான். ஆனால் சரக்கு விற்காமல் கிடந்தாலும் வாடகை ஏறும். திரும்ப எடுக்கவும் கட்டணம் உண்டு. பத்துப் பதினைந்து சட்டை தைக்கிறவர்களுக்கு இது வேண்டாத வேலை.

ஐந்தாவது அபராதம். ஆர்டர் வந்த பிறகு "ஸ்டாக் இல்லை" என்று நாம் ரத்து செய்தாலும், சொன்ன நாளில் அனுப்பாவிட்டாலும் பிடிப்பார்கள். குழந்தைக்குக் காய்ச்சல், ஊரில் திருவிழா, மாமியாருக்கு ஆஸ்பத்திரி என்றால் கடையை "விடுமுறை" என்று மாற்றிவிட்டுப் போங்கள். எல்லாப் பெரிய தளங்களிலும் அந்த வசதி இருக்கிறது.

"கமிஷனே கிடையாது" என்றால்?

மீஷோ 2021இல் விற்பவர்களிடம் கமிஷன் வாங்குவதில்லை என்று அறிவித்தது. அமேசானும் 2025 ஏப்ரலில் 300 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள பல வகைப் பொருள்களுக்கு அந்தக் கமிஷனை நீக்கியது. நல்ல செய்திதான், எங்கள் தெருப் பெண்களுக்கும் அது உதவியிருக்கிறது.

ஆனால் கமிஷன் இல்லை என்றால் கட்டணமே இல்லை என்று பொருளல்ல. அனுப்புகிற கூலி, திரும்பி வந்தால் கூலி, விளம்பரம் இவை அப்படியேதான் இருக்கும். என் ஓரகத்தியின் கணக்கையே பாருங்கள். சட்டை ஒன்றுக்குக் கமிஷன் 54 ரூபாய். கமிஷனோடு மற்றவையும் சேர்ந்து பிடித்தது 169.92! கமிஷன் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் "கமிஷன் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "இந்த விலைக்கு விற்றால் என் கைக்கு எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். பெரிய தளங்களில் இதற்கென்றே ஒரு கணக்குப் பொறி வைத்திருக்கிறார்கள். விலை, எடை, வகையைக் கொடுத்தால் வருகிற தொகையைச் சொல்லிவிடும். சரக்கைப் போடும் முன்னாலேயே அதைப் போட்டுப் பார்க்கலாம்.

காற்றுக்கும் கூலி!

எதிர்வீட்டு அக்கா ஒயர் கூடை பின்னுகிறார். ஒரு கூடை அரைக் கிலோ சொச்சம்தான். அவருக்கு ஏழு கிலோவுக்கு மேல் கூலி போட்டிருந்தார்கள். "ஏனுங்க, இரும்பா வச்சு அனுப்பினேன்?" என்று கேட்டார், பாவம்!

விஷயம் இதுதான். லாரியில் இடமும் காசு. அதனால் பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றிக் கணக்கிடுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் வருவது "கன அளவு எடை". நிஜ எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூலி.

அந்த அக்காவின் அட்டைப்பெட்டி 40 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம். பெருக்கினால் 36,000. 5,000ஆல் வகுத்தால் 7.2 கிலோ. கூடைக்குள்ளிருக்கும் காற்றுக்கு அவர் கூலி கொடுத்திருக்கிறார்!

இப்போது கைப்பிடியை உள்ளே மடக்கி, பக்கங்களை அமுக்கித் தட்டையாக்கி, 10 செ.மீ. உயரத்தில் கட்டுகிறார். 40, 30, 10 பெருக்கினால் 12,000. எடை 2.4 கிலோ. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. வாங்குகிறவர் பிரித்ததும் உள்ளே கையை விட்டு விரித்துக்கொள்ளலாம் என்று ஒரு துண்டுச் சீட்டும் எழுதி வைக்கிறார்.

துணிக்குப் பெட்டியே வேண்டாம், நல்ல கனமான கவர் போதும். எடையை அடுத்த அரைக் கிலோவுக்கோ கிலோவுக்கோ ஏற்றித்தான் கணக்கிடுவார்கள். பார்சல் 510 கிராம் வந்தால், உள்ளே வைத்த அட்டையை எடுத்துவிட்டால் 500க்குள் வருமா என்று பாருங்கள். சமையலறையில் கேக் செய்ய வைத்திருக்கும் சின்ன எலெக்ட்ரானிக் தராசு இதற்குப் போதும்.

விலை வைப்பது எப்படி?

நம்மில் பலர் "பக்கத்துக் கடையில் 450, நானும் 450" என்று விலை வைக்கிறோம். அது மேலிருந்து கீழே வரும் கணக்கு. விலை கீழிருந்து மேலே வர வேண்டும். சுலபமான வழி ஒன்று சொல்கிறேன், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

துணி முதலிய செலவு 180. உங்கள் உழைப்புக்குக் கூலி 120. (இதைப் பூஜ்யம் என்று போடுகிறவர்கள்தான் அதிகம். தையல்காரரிடம் கொடுத்தால் சும்மா தைத்துத் தருவாரா?) குளோஸிங் 25, அனுப்ப 65, ஆக 90. வரியோடு 106.20. திரும்பி வருவதற்கு ஒதுக்கு 17 ரூபாய். இது நாற்பதில் ஆறு திரும்பும் என்ற அவளுடைய அனுபவத்தில் வந்த எண். உங்கள் அனுபவப்படி மாற்றிக்கொள்ளுங்கள். கூட்டினால் 423.20.

இனிக் கமிஷன். 12 சதவீதமும் அதன் மேல் வரியும் சேர்ந்தால் 14 சதவீதத்துக்குச் சற்று மேல். 100 ரூபாயில் 14 போனால் நமக்கு 86. ஆகவே 423.20ஐ 100ஆல் பெருக்கி 86ஆல் வகுக்க வேண்டும். 492 ரூபாய் வரும். 499 என்று விலை வைக்கலாம்.

"அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டாங்களேக்கா!" என்றாள் ஓரகத்தி. நியாயமான கேள்வி. அப்படியானால் இரண்டு சட்டையை ஜோடியாக விற்கலாம். ஒரே பார்சல், ஒரே குளோஸிங், ஒரே கூலி. எடைப் படி மாறாதவரை ஜோடிக்கு 106 ரூபாய் மிச்சம். அதில் பாதியை விலையில் குறைத்தால் வாங்குகிறவருக்கும் லாபம், நமக்கும் லாபம். இப்போது அவள் மூன்று வயது வரையிலான சட்டைகளை ஜோடியாகத்தான் போடுகிறாள். உருப்படி குறைவு. கையில் நிற்கும் காசு கூடுதல்.

திரும்பி வருவதைக் குறைக்க

குழந்தைச் சட்டை திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் அளவு. "2 வயது" என்று மட்டும் போட்டால் போதாது. எல்லாக் குழந்தையும் ஒரே அளவா என்ன? மார்புச் சுற்றளவு, தோளிலிருந்து நீளம் இரண்டையும் அங்குலத்தில் எழுதுங்கள். சட்டைமேல் டேப்பை வைத்து ஒரு படம் போடுங்கள். வெயிலில் எடுத்த படத்தில் மாம்பழ மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகத் தெரியும். நிழலில் எடுங்கள். "முதல் சலவையில் சாயம் கொஞ்சம் போகும்" என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

திரும்பி வரும் பார்சலைப் பிரிக்கும்போது, ஒட்டிய நிலையிலிருந்து கடைசி வரை போனில் வீடியோ எடுங்கள். கறை பட்டோ வேறு பொருள் மாறியோ வந்தால் குறிப்பிட்ட நாளுக்குள் முறையிடலாம். வீடியோ இல்லாமல் முறையிட்டால் எடுபடுவது கஷ்டம்.

வெளிநாட்டுக்கு விற்கிறவர்களுக்கு

மண் நகை, பொம்மை, ஓவியம் செய்கிறவர்கள் எட்ஸி போன்ற தளங்களில் வெளிநாட்டவருக்கு விற்கிறார்கள். அங்கே கணக்கே வேறு. பொருளைக் காட்சிக்கு வைப்பதற்கே ஒன்றுக்கு 20 சென்ட். அது நான்கு மாதத்துக்குத்தான். பிறகு தானாகவே புதுப்பித்து மறுபடி 20 சென்ட் பிடிக்கும்படி விட்டுவைத்தால், ஒன்றும் விற்காமலே காசு போய்க்கொண்டிருக்கும். 50 பொருள் வைத்திருந்தால் ஆண்டுக்கு 30 டாலர்! விலைபோகாத பொருள்களுக்குத் "தானாகப் புதுப்பி" என்பதை நிறுத்திவிடுங்கள்.

விற்றால் 6.5 சதவீதம். அது விலைக்கு மட்டுமல்ல, நீங்கள் வாங்கும் தபால் கூலிக்கும் சேர்த்து. வெளி இடங்களில் அவர்கள் செய்யும் விளம்பரத்தைச் சொடுக்கி வந்து ஒருவர் வாங்கினால் இன்னும் 15 சதவீதம். ஆண்டு விற்பனை 10,000 டாலருக்குக் குறைவாக உள்ளவர்கள் இந்த விளம்பரத் திட்டம் வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம். ஆனால் நீங்களாக விலக வேண்டும்.

வரி விஷயம் பயப்பட வேண்டியதில்லை

"ஜி.எஸ்.டி. நம்பர் இல்லாமல் ஆன்லைனில் விற்க முடியாது" என்று பலர் நினைக்கிறார்கள். 2023 அக்டோபர் 1 முதல் இதில் சலுகை உண்டு. ஆண்டு விற்பனை வரம்புக்குள் இருக்கும் சிறு வியாபாரிகள் தங்கள் மாநிலத்துக்குள் மட்டும் விற்பதானால், ஜி.எஸ்.டி. தளத்தில் பதிந்து ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். தமிழ்நாட்டில் சரக்கு விற்பவர்களுக்கு அந்த வரம்பு 40 லட்சம். வேறு மாநிலத்துக்கு விற்க இது செல்லாது. எல்லாத் தளமும் எல்லாச் சரக்குக்கும் இந்த எண்ணை ஏற்பதில்லை. சேரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாராவது சொன்னார்கள் என்று அவசரப்பட்டு முழுப் பதிவு வாங்கிவிட்டு மறந்துவிடாதீர்கள். பதிவுக்குக் கட்டணமில்லை. ஆனால் விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். இன்னொரு பக்கம், வழக்கமான முறையில் முழுப் பதிவு உள்ளவர்கள் தளத்துக்குக் கட்டிய 18 சதவீத வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம். சேர்க்கை எண் மட்டும் உள்ளவர்களுக்கு அது செலவுதான். வியாபாரம் பெருகினால் ஒரு கணக்கரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பான் எண்ணைத் தளத்தில் சரியாகக் கொடுத்துவிடுங்கள். தனிநபரின் ஆண்டு விற்பனை 5 லட்சத்துக்குள் இருந்து பான் அல்லது ஆதார் கொடுத்திருந்தால் வருமான வரிப் பிடித்தம் இல்லை. அதற்கு மேல் போனாலும் 2024 அக்டோபர் முதல் 0.1 சதவீதம்தான். எண்ணைக் கொடுக்காவிட்டால் 5 சதவீதம் பிடிப்பார்கள். ஊறுகாய், பொடி, பலகாரம் விற்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண்ணும் வைத்திருக்க வேண்டும்.

போனில் வரும் "கட்டணம்"

கடை திறந்த சில நாளில் யாராவது போன் செய்வார்கள். "மேடம், உங்க கடையை முதல் பக்கத்துல போடறோம், 4,999 கட்டுங்க" என்பார்கள். "பதிவுக் கட்டணம் பாக்கி" என்பார்கள். கட்டாதீர்கள். உண்மையான கட்டணம் எதுவாக இருந்தாலும் உங்கள் கணக்குப் பக்கத்தில் தெரியும். பெரும்பாலும் விற்ற பணத்தில்தான் கழிப்பார்கள்.

குழந்தை வளர்ந்த பிறகு தொட்டில், தள்ளுவண்டி முதலியவற்றைப் பழைய பொருள் தளங்களில் விற்கும் தாய்மார்களே, உங்களுக்கு இன்னொன்று. "பணம் அனுப்பறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்று ஒருவர் சொன்னால் அவர் திருடர்தான்! நமக்குப் பணம் வருவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் என்பது பணம் கொடுக்க மட்டுமே. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்ட...

1. சரக்கைப் போடும் முன் தளத்தின் கட்டணப் பட்டியலைப் படித்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். கட்டணம் அவ்வப்போது மாறும். அறிவிப்பு மின்னஞ்சலில் வரும், அதைப் பிரித்துப் பாருங்கள்.

2. முதலில் ஐந்தே உருப்படி போடுங்கள். பணம் கைக்கு வந்த பிறகு மீதியைத் தையுங்கள்.

3. ஏற்கெனவே டிக் போட்ட கட்டம் எதுவானாலும், புரியாவிட்டால் எடுத்துவிடுங்கள். பிறகு வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம்.

4. விளம்பரம் செய்வதானால் நாள் வரம்பும் கடைசித் தேதியும் வைத்துத் தொடங்குங்கள். சொடுக்குக்குக் காசு, விற்பனைக்கு அல்ல.

5. பண்டிகைத் தள்ளுபடியில் சேரச் சொன்னால், தள்ளுபடி யார் கையிலிருந்து போகிறது என்று பாருங்கள்.

6. ஒவ்வொரு வகைப் பார்சலையும் தராசிலும் டேப்பிலும் வைத்துப் படமெடுத்து வையுங்கள்.

7. வாரம் ஒரு நாள் செட்டில்மெண்ட் அறிக்கையை எடுத்து ஆர்டர் எண் வாரியாகச் சரிபாருங்கள். முறையீட்டுக்கு நாள் கெடு உண்டு.

8. கைக்கு வந்த தொகையைத் தனி நிறப் பேனாவில் எழுதுங்கள். விற்ற தொகையைக் கண்டு மகிழ வேண்டாம்.

என் ஓரகத்தி விற்பதை நிறுத்தவில்லை. இந்த ஆண்டு பாதிச் சட்டையை ஜோடியாகத் தளத்திலும், பாதியைத் தெரிந்த வாடிக்கைக்காரர்களுக்கு நேராகவும் கொடுக்கிறாள். தளத்தில் அறிமுகமில்லாத ஊர் கிடைக்கிறது, நேரில் முழுக் காசு கிடைக்கிறது. இரண்டும் வேண்டும் என்பது அவள் கணக்கு. நோட்டை இப்போது அவளே எழுதுகிறாள். நான் மாதக் கடைசியில் கூட்டலை மட்டும் சரிபார்க்கிறேன்.

சகோதரிகளே! மிஷினில் ஓடும் ஒவ்வொரு தையலும் உங்கள் தூக்கத்திலிருந்து எடுத்த நேரம். அதற்கு உரிய கூலி உங்கள் கைக்கு வந்து சேர வேண்டாமா? அடுத்த சரக்கைப் போடும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, கீழிருந்து மேலே அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.